சிசேரியன் தழும்பில் மாதாமாதம் வலிக்கும் கட்டி: ஸ்கேன் எப்போது காட்டும், எப்போது தவறவிடும்

சிசேரியன் நடந்து சில வருடம் கழித்து, தையல் தழும்பின் ஓரத்தில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது. மாதவிலக்கு நெருங்கும்போது வலி ஏறுகிறது, முடிந்ததும் இறங்குகிறது. ஒரு ஸ்கேன் சென்டரில் எடுத்தால் ‘வயிற்றில் கோளாறு ஏதும் இல்லை’ என்று ரிப்போர்ட் வருகிறது. இன்னொரு இடத்தில் ‘ஸ்கார் எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம்’ என்று எழுதித் தருகிறார்கள். இரண்டு ரிப்போர்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு எதை நம்புவது என்று தெரியாமல் வீட்டில் விழிக்கிறார்கள். பெயரைக் கேட்டதுமே புற்றுநோயோ என்று பயப்படுகிறவர்களும் உண்டு.

இரண்டு ரிப்போர்ட்டும் நேர்மையாக எழுதப்பட்டவையாகவே இருக்கலாம். ஸ்கேன் சீட்டில் என்ன எழுதியிருந்தது, எந்தக் கருவிமுனையை வைத்துப் பார்த்தார்கள் என்ற இரண்டில்தான் பெரும்பாலும் வித்தியாசம் வருகிறது. அது ஏன் என்று புரிய, அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

## கர்ப்பப்பையில் இருப்பது வயிற்றுச் சுவருக்கு எப்படி வந்தது?

கர்ப்பப்பையின் உட்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய படலத்துக்கு எண்டோமெட்ரியம் என்று பெயர். ஒவ்வொரு மாதமும் ஹார்மோன்களின் கட்டளைக்கேற்பத் தடித்து, கர்ப்பம் தரிக்காவிட்டால் உதிர்ந்து வெளியேறுவது இதுதான். இதைப் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்ந்தால் அது எண்டோமெட்ரியோசிஸ். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. பெரும்பாலும் இடுப்புக்குழிக்குள், சினைப்பையிலும் அதைச் சுற்றியும்தான் வரும்.

வயிற்றுச் சுவரில், அதாவது தோலுக்கும் குடல் இருக்கும் அறைக்கும் இடையிலுள்ள அடுக்குகளில் வருவது அபூர்வ வகை. சிசேரியனில் கர்ப்பப்பையைத் திறக்கும்போது அதன் உள்படலத்தின் சில செல்கள் வெட்டுக்காயத்தில் ஒட்டிக்கொண்டு, அங்கேயே உயிர்பிடித்து வளர்ந்துவிடுகின்றன என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன், லேப்ராஸ்கோபித் துளைகள் ஆகியவற்றின் தழும்பிலும் வருவதுண்டு. எந்த ஆபரேஷனும் ஆகாதவருக்குத் தொப்புளில் வருவதும் உண்டு. ஆகவே வெட்டுக்காயக் கதை எல்லாவற்றையும் விளக்கிவிடாது.

எங்கே இருந்தாலும் அந்தத் திசு ஹார்மோனுக்குக் கட்டுப்பட்டதுதான். மாதம்தோறும் அதுவும் வீங்குகிறது, உள்ளே சிறிது கசிகிறது. ஆனால் வெளியேற வழியில்லை. கசிந்த இரத்தம் சுற்றிலும் அழற்சியை உண்டாக்க, உடம்பு அதைத் தழும்புத் திசுவால் சூழ்கிறது. கட்டி கெட்டியாவதும் வலிப்பதும் இதனால்தான். ஸ்கேனில் பிறகு தேடப்போகும் அடையாளங்கள் அத்தனையும் இந்த மூன்றிலிருந்து வருபவை: கசிந்த இரத்தம், அழற்சி, தழும்பு.

## எத்தனை பேருக்கு வருகிறது?

மருத்துவ இதழ்களில் வந்த கணக்குகள் சிசேரியன் ஆனவர்களில் 0.03 முதல் 1 சதவீதம் வரை என்கின்றன. 10,000 பேரில் 3 பேரிலிருந்து 100 பேர் வரை. இவ்வளவு பெரிய இடைவெளிக்குக் காரணம், பல கட்டிகள் வேறு பெயரில் வெட்டியெடுக்கப்படுவதும் வெட்டப்படாமலே விடப்படுவதும்தான் என்று தோன்றுகிறது.

விகிதம் சிறிதுதான். ஆனால் எந்த எண்ணோடு அதைப் பெருக்குகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அதற்கு முந்தைய 2015–16 ஆய்வில் அது 34.1. தனியார் மருத்துவமனைப் பிரசவங்களை மட்டும் எடுத்தால் 63.8. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி என்று எந்தப் பக்கம் போனாலும் தெருவுக்குத் தெரு ‘ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தாங்க’ என்பது சாதாரணப் பேச்சு. அபூர்வ நோய் என்று புத்தகத்தில் போட்டிருந்தாலும், தாலுகா ஆஸ்பத்திரி மருத்துவர் தன் காலத்தில் சிலரையாவது பார்த்துவிடுவார்.

## ஏன் தவறுகிறது?

பாடப்புத்தகம் மூன்று அடையாளம் சொல்லும்: சிசேரியன் ஆனவர், தழும்பருகே கட்டி, மாதவிலக்கோடு ஏறி இறங்கும் வலி. மூன்றும் சேர்ந்திருந்தால் ஸ்கேனுக்கு முன்பே பாதி முடிவு தெரிந்துவிடும். சிக்கல் மூன்றாவதில். கணிசமானவர்களுக்கு வலி எப்போதும் இருக்கிறது அல்லது மாதவிலக்கோடு ஒட்டாமல் வந்துபோகிறது.

நம் பக்கத்துச் சூழலும் சேர்ந்துகொள்கிறது. ஆலங்குளம், முக்கூடல் வட்டாரத்தில் பீடி சுற்றும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். மடியில் சுளகு, அதில் இலையும் தூளும். குனிந்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். சுளகின் விளிம்பு அடிவயிற்றில், சரியாகத் தழும்பு இருக்கும் இடத்தில் அழுந்துகிறது. வலித்தால் ‘உக்காந்தே கெடக்கோம்லா, அதான்’ என்று அவரே காரணம் சொல்லிக்கொள்வார். கொழுப்புக் கட்டி, உள்ளே தங்கிய தையல் நூல் என்று பக்கத்து வீட்டிலும் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். இந்தக் காரணங்கள் எதுவும் முட்டாள்தனமானவை இல்லை. அதனால்தான் எளிதாக ஒட்டிக்கொள்கின்றன.

ஆபரேஷனுக்கும் கட்டிக்கும் நடுவே இருக்கும் காலம் இன்னொரு தடை. சில மாதங்களில் தெரிவதும் உண்டு, பத்து வருடத்துக்கு மேல் ஆவதும் உண்டு. சராசரியாகச் சில வருடங்கள். தாய்ப்பால் கொடுத்து மாதவிலக்கு நின்றிருக்கும் காலத்தில் கட்டி பெரும்பாலும் அடங்கியே இருக்கும். அப்புறம் வலி தொடங்கும்போது பழைய பிரசவத்தோடு அதைச் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள் விஷயத்தில் குழப்பம் இன்னும் கூடும். மாதவிலக்கே இல்லாதவரிடம் ‘மாதவிலக்கோடு வலிக்கிறதா’ என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். ஆனால் சினைப்பைகள் உள்ளே இருந்தால் ஹார்மோன் சுழற்சி நடந்துகொண்டேதான் இருக்கும். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: மாதத்தில் ஒரு சில நாள் மட்டும் வலி கூடுகிறதா?

## அதே இடத்தில் வரக்கூடிய மற்றவை

தழும்பருகே கட்டி என்றால் மருத்துவர் மனதில் ஒரு பட்டியல் ஓடும். ஸ்கேனின் வேலை அதில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வருவது.

1. தழும்புக் குடலிறக்கம். தசையுறை பலவீனமான இடத்தில் குடலோ கொழுப்போ பிதுங்குவது. இருமினால், முக்கினால் பெரிதாகும். படுத்தால் பெரும்பாலும் உள்ளே போகும்.
2. தையல் நூலைச் சுற்றி வரும் முடிச்சு. ஸ்கேனில் நூலே பளிச்சென்ற கோடாகத் தெரிவதுண்டு.
3. சீழ்க்கட்டி அல்லது இரத்தக் கட்டு. ஆபரேஷன் முடிந்த சில வாரங்களில் வருவது வழக்கம். மூன்று வருடம் கழித்து என்றால் வேறு எதையோ தேட வேண்டும்.
4. கொழுப்புக் கட்டி. மெதுவானது, விளிம்பு தெளிவானது, பொதுவாக வலிக்காது.
5. டெஸ்மாய்டு கட்டி. தசையிலும் தசையுறையிலும் வருவது. இளம்பெண்களுக்கு, பிரசவத்துக்கோ ஆபரேஷனுக்கோ பிறகு வரும் பழக்கம் இதற்கும் உண்டு. எண்டோமெட்ரியோசிஸோடு அதிகம் குழம்புவது இதுதான்.
6. புற்றுநோய்க் கட்டிகள். குறைவு, ஆனாலும் பட்டியலிலிருந்து எடுத்துவிட முடியாது.

## அல்ட்ராசவுண்ட்: முதல் படி, பலருக்கு அதுவே போதும்

‘வயிற்று ஸ்கேன்’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால் ஸ்கேன் அறையில் வழக்கமாக நடப்பது: ஜெல் தடவி, வளைந்த முனையுள்ள கருவியை வைத்துக் கல்லீரல், பித்தப்பை, சிறுநீரகம், கர்ப்பப்பை, சினைப்பை என்று வரிசையாகப் பார்ப்பார்கள். அந்த வளைந்த முனை 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் ஒலியில் வேலை செய்வது. தாழ்ந்த அதிர்வெண் ஆழமாகப் போகும், ஆனால் நுணுக்கம் குறைவு. தோலுக்குக் கீழே ஒன்றிரண்டு சென்டிமீட்டரில் இருக்கும் கட்டி அதன் பார்வையில் மங்கலாகத் தெரியும், அல்லது தெரியாமலே போகும். கல்லீரலும் கர்ப்பப்பையும் நன்றாக இருந்தால் ‘கோளாறு இல்லை’ என்றுதான் ரிப்போர்ட் வரும். கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்.

வயிற்றுச் சுவருக்கு வேண்டியது நேர்முனைக் கருவி. தைராய்டு, மார்பகம், இரத்தக்குழாய் பார்க்கப் பயன்படுவது; 7 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும். பெரும்பாலான ஸ்கேன் சென்டர்களில் அதே இயந்திரத்தில் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும். சீட்டில் ‘தழும்பருகே கட்டி, நேர்முனைக் கருவியால் வயிற்றுச் சுவரைப் பார்க்கவும்’ என்ற ஒரு வரி இருந்தால் போதும், கை தானாக அதை எடுக்கும். கூடுதல் இயந்திரம் எதுவும் தேவையில்லை.

அப்படிப் பார்த்தால் தெரிபவை:

1. நிறம். சுற்றியுள்ள கொழுப்பைவிடக் கறுத்த, சீரற்ற திட்டு. நடுவே வெள்ளைப் புள்ளிகளோ இழைகளோ இருக்கலாம். சிலவற்றில் நீர் தேங்கிய சிறு குழிகள்.
2. விளிம்பு. கொழுப்புக் கட்டிக்கு இருப்பது போன்ற வழுவழுப்பான ஓரம் இருக்காது. அறுகம்புல் வேர் மண்ணில் பாய்வது போல, பக்கத்துத் திசுவுக்குள் மெல்லிய கிளைகள் ஓடும். இந்த ஊடுருவல் தழும்பால் வருவது. புற்றுநோயும் இப்படித்தான் ஓடும் என்பதால் ஓரத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது.
3. வளையம். கட்டியைச் சுற்றி ஒரு வெள்ளை வட்டம் தெரிவதுண்டு. அழற்சியின் அடையாளம் அது.
4. இரத்த ஓட்டம். டாப்ளர் (இரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன் வசதி) போட்டால் ஓரத்திலிருந்து உள்ளே நுழையும் ஒரு குழாய் தெரியலாம். தெரியாவிட்டாலும் சந்தேகம் தீர்ந்துவிடாது.
5. அழுத்தினால் வலி. கருவிமுனையால் சரியாக அந்தத் திட்டின் மேல் அழுத்தும்போது, தினமும் படும் அதே வலி வருகிறதா என்று கேட்பது. படத்தில் வராத தகவல் இது, ஆனால் எனக்குத் தெரிந்தவரை மிக மலிவான, மிக உபயோகமான சோதனை.

குடலிறக்கத்தை ஒதுக்குவதும் இதே மேசையில்தான். இருமச் சொல்லுவார்கள், மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லுவார்கள், சிலசமயம் நிற்கவைத்துப் பார்ப்பார்கள். தசையுறையில் இடைவெளி தெரிகிறதா, உள்ளேயிருந்து ஏதாவது நகர்ந்து வருகிறதா என்பதே கேள்வி. இந்த அசைவைக் காட்டுவதில் அல்ட்ராசவுண்டுக்கு நிகராக எம்.ஆர்.ஐ.யைச் சொல்ல முடியாது.

எந்த நாளில் எடுப்பது? எந்த நாளிலும் எடுக்கலாம். ஆனால் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை, வலியோ மாதாமாதம் வருகிறது என்றால், வலி உச்சத்திலிருக்கும் நாளில் இன்னொரு முறை பார்ப்பது நியாயம். அப்போது திட்டு சற்றுப் பெரிதாகவும் இரத்த ஓட்டம் கூடுதலாகவும் தெரிய வாய்ப்புண்டு.

## எம்.ஆர்.ஐ.: எப்போது தேவை, எதைக் கூடுதலாகச் சொல்லும்?

கட்டி சிறியது, கொழுப்பு அடுக்குக்குள்ளேயே இருக்கிறது, கதையும் பொருந்துகிறது என்றால் எம்.ஆர்.ஐ. இல்லாமலே அறுவை மருத்துவர் முடிவெடுக்கலாம். கட்டி பெரிது, தசைக்குள் போயிருக்கிறது, ஒன்றுக்கு மேல் இருக்கிறது, அல்லது டெஸ்மாய்டா என்ற சந்தேகம் இருக்கிறது என்றால் எம்.ஆர்.ஐ. உதவும்.

அதன் பலம் பழைய இரத்தத்தைக் கண்டுபிடிப்பது. டி1 என்ற வகைப் படத்தில் கொழுப்பு வெள்ளையாகத் தெரியும். சில நாள் பழகிய இரத்தமும் வெள்ளையாகத் தெரியும். கொழுப்பு நிறைந்த வயிற்றுச் சுவரில் இரண்டையும் எப்படிப் பிரிப்பது? கொழுப்பின் சிக்னலை அடக்கிவிட்டு இன்னொரு முறை எடுப்பார்கள். கொழுப்பு கறுத்துப்போகும். அதற்குப் பிறகும் வெள்ளையாக நிற்கும் புள்ளிகள் இரத்தம். தழும்பருகே உள்ள கட்டிக்குள் அப்படிச் சில புள்ளிகள் தெரிந்தால் எண்டோமெட்ரியோசிஸ் என்பதற்கு வலுவான சாட்சி.

புள்ளிகள் இல்லாவிட்டால்? அப்போதும் ஒதுக்கிவிட முடியாது. நெடுநாள் கட்டியில் தழும்பு மிகுந்து இரத்தம் குறைந்துபோயிருக்கும். அது டி2 என்ற இன்னொரு வகைப் படத்தில் கறுப்பாகவே தெரியும், சில டெஸ்மாய்டுகளும் ஏறக்குறைய அப்படித் தெரியும். இந்த இடத்தில் ரிப்போர்ட்டில் ‘இருக்கலாம்’ என்ற சொல் வருவதைக் குறையாக நினைக்க வேண்டாம். படம் சொல்லக்கூடிய எல்லை அதுதான்.

எம்.ஆர்.ஐ. அறைக்குள் உலோகம் கூடாது. மெட்டி, தாலிச் சங்கிலி, சேலை ஊக்கு, ஹேர்பின் எல்லாம் வெளியே. தாலியைக் கழற்ற மனசில்லாதவர்கள் முந்தின நாளே மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொண்டு வந்தாலும், அதில் கோத்த பொன்னைப் பற்றி அங்குள்ளவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். காப்பர்-டி போட்டிருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பெரும்பாலும் தடை இருக்காது. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த ஸ்கேனைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வெளியாரைவிடக் குறைந்த கட்டணத்தில் எடுத்துத் தருகிறது.

## சி.டி.யும் ஊசிச் சோதனையும்

சி.டி. ஸ்கேனில் இது தசையின் நிறத்திலேயே ஒரு கெட்டித் திட்டாகத் தெரியும், மருந்து ஏற்றினால் சற்றுப் பளிச்சிடும். வேறு எத்தனையோ கட்டிகளும் அப்படித்தான் தெரியும். கதிர்வீச்சும் உண்டு. குடலிறக்கத்தில் குடல் சிக்கிக்கொண்டதா என்ற அவசரத்துக்கு சி.டி. சரி, இந்த நோயைத் தேடி இளவயதுப் பெண்ணுக்கு சி.டி. எடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

ஊசிவழித் திசுச் சோதனையில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. சோதனை தெளிவாக வந்தால் ஆபரேஷனுக்கு முன்பே உறுதி கிடைக்கும், டெஸ்மாய்டையும் புற்றுநோயையும் ஒதுக்கலாம். ஆனால் குடலிறக்கமாக இருந்தால் ஊசி குடலில் படக்கூடும். ஊசி போன வழியில் அந்தத் திசு விதைக்கப்படலாம் என்ற கவலையும் உண்டு. ஆகவே அல்ட்ராசவுண்டில் குடலிறக்கம் இல்லையென்று உறுதியான பிறகு, சந்தேகம் பாக்கி இருப்பவர்களுக்கு மட்டும் என்பதே நிதானமான வழி. இரத்தத்தில் சி.ஏ.125 என்ற புரதத்தின் அளவைப் பார்ப்பதால் இங்கே பெரிய பயன் இல்லை. அது சாதாரண அளவிலேயே இருக்கலாம், வேறு காரணத்துக்காக ஏறியும் இருக்கலாம்.

## சீட்டில் என்ன இருக்க வேண்டும், ரிப்போர்ட்டில் என்ன இருக்க வேண்டும்?

சீட்டை மருத்துவர்தான் எழுதுகிறார். ஆனால் அவர் எழுதுவதற்கான விஷயம் நோயாளியிடம்தான் இருக்கிறது. ‘எப்பவுமே வலிக்கா, இல்ல தூரத்துச் சமயத்துல மட்டும் கூடுதா?’ என்று யாரும் கேட்காவிட்டாலும், இவற்றைத் தானாகச் சொல்லிவிடலாம்: எந்த வருடம் சிசேரியன், எத்தனை முறை, கட்டி எப்போது தெரிந்தது, கடைசி இரண்டு மூன்று மாதங்களில் மாதவிலக்கு வந்த தேதியும் வலி கூடிய தேதியும். தினசரிக் காலண்டர் தாளில் குறித்து வைத்தாலே போதும். படுக்கும்போது கட்டி மறைகிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் அறுவை மருத்துவர் தேடுவது நோயின் பெயரை மட்டுமில்லை:

1. மூன்று பக்க அளவும், தோலிலிருந்து ஆழமும்.
2. எந்த அடுக்கு: கொழுப்பிலா, தசையுறையிலா, நேர் வயிற்றுத் தசைக்குள்ளா, அதையும் தாண்டி வயிற்று உள்ளுறை வரைக்குமா.
3. வேறு திட்டுகள் இருக்கின்றனவா. தழும்பின் இரு முனைகளையும் பார்த்தார்களா.
4. குடலிறக்கம் உண்டா இல்லையா என்ற தெளிவான ஒரு வரி.
5. இடுப்புக்குழிக்குள் எண்டோமெட்ரியோசிஸ் அறிகுறி உண்டா. வயிற்றுச் சுவரில் இருப்பவர்களில் சிறு பகுதியினருக்கு உள்ளேயும் இருக்கும்.

இதில் இரண்டாவது இல்லாத ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ஆபரேஷன் மேசைக்குப் போனால் என்ன ஆகும் என்பது அடுத்த பகுதியில்.

## இதனால் என்ன மாறுகிறது?

சரியான சிகிச்சை, கட்டியைச் சுற்றி ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் நல்ல திசுவையும் சேர்த்து வெட்டியெடுப்பது. கொழுப்புக் கட்டி என்று நினைத்து ஓரத்தோடு சுரண்டியெடுத்தால், பக்கத்தில் ஓடிய கிளைகள் தங்கிவிடும். சில மாதங்களில் வலி திரும்பும். தசையுறையும் சேர்ந்து போகுமென்றால் ஓட்டையை மூட வலை வைக்க வேண்டியிருக்கும். இது முன்பே தெரிந்தால் வலையும் மயக்க மருந்து ஏற்பாடும் தயாராக இருக்கும். தெரியாமல், உள்ளூர் மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுத் தொடங்கினால், பாதியில் நிறுத்த வேண்டி வரும். முழுமையாக வெட்டியவர்களில் மீண்டும் வருவது குறைவு. தொகுத்துப் பார்த்த ஆய்வுகள் 4, 5 சதவீதம் என்கின்றன.

டயனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரைகள் வலியைக் குறைக்கும், கட்டியைக் கரைத்துவிடாது. நிறுத்தினால் பழைய கதைதான். ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டியவர்களுக்கு, இடுப்புக்குழியிலும் நோய் இருப்பவர்களுக்கு அவை பொருந்தலாம்.

புற்றுநோய் பயத்தைப் பற்றி: தழும்பிலுள்ள எண்டோமெட்ரியோசிஸ் புற்றுநோயாக மாறுவது மிக மிக அபூர்வம், ஆனால் பதிவாகியிருக்கிறது. வேகமாக வளரும் கட்டி, மாதவிலக்கு நின்ற வயதிலும் பெரிதாகும் கட்டி, வெட்டிய பிறகும் திரும்பத் திரும்ப வருவது ஆகியவை இருந்தால் காத்திருக்காமல் பார்க்க வேண்டும்.

வெட்டியெடுத்தது எதுவாக இருந்தாலும் நோயியல் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். எண்டோமெட்ரியச் சுரப்பிகள், அவற்றைச் சூழ்ந்த திசு, பழைய இரத்தத்தின் இரும்புக் கறை ஆகிய மூன்றில் இரண்டு மைக்ரோஸ்கோப்பில் தெரிந்தால் உறுதி. வெட்டிய விளிம்பில் நோய் இருந்ததா இல்லையா என்பதும் அந்த ரிப்போர்ட்டில்தான் இருக்கும். பல வருடம் கழித்து வலி திரும்பினால் அடுத்த மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். பழைய ஸ்கேன் படங்களோடு சேர்த்து ஒரே கவரில் வைத்திருங்கள்.